ஈடிலா அன்பு

அன்பு என்னும் சொல் எளிதிற் சொல்லப்படுவது. அதன் பொருளோ எளிதில் அளக்கப்படாதது. பெற்ற தாயின் அன்பையும் உற்ற நண்பனின் அன்பையும் நாம் ஒருவாறு அறிவோம். அவற்றுக்கு ஏதேனும் ஒரு வகையிற் கைம்மாறு செய்யவும் முயல்கின்றோம். ஆயின், கைம்மாற்றுக்கு இடமே இல்லாத ஓர் அன்பின் முன் நிற்குங்கால் மனிதன் யாது செய்தல் கூடும்? இவ்வினாவை எழுப்பி, அதற்கு விடையும் கூறும் சிறு பாமாலையொன்று ஆங்கில மொழியில் உண்டு. ஐசக் வாட்ஸ் என்பார் இயற்றி 1707-ஆம் ஆண்டில் வெளியிட்ட அப்பாமாலை, சிலுவையை நோக்கி நிற்கும் ஒருவனது உள்ளத்தில் எழும் எண்ணங்களை உரைப்பது. தமிழ்த் திருச்சபைகளில் 'என் அருள்நாதா' எனத் தொடங்கும் பாமாலையாக அது பாடப்பெற்று வருதலின், நம்மிற் பலர் அதனை இளமை தொட்டே அறிவோம். அறிந்த பாட்டே ஆயினும் ஆராய்ந்து பொருள் கொள்ளுதல் நன்று. ஏனெனில், பழகிய இசை பல வேளைகளிற் பொருளை மறைத்துவிடும். ஈண்டு ஆங்கில மூலத்தையே பற்றி நின்று, இறைவனது தியாக அன்பைக் குறித்து அப்பாமாலை யாது உணர்த்துகின்றது என்பதைச் சிந்திப்போம்.

வாட்ஸ் 1674-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்கரைப் பட்டினமாகிய சவுதாம்ப்டனிற் பிறந்தவர். அவர் தந்தையார் அரசாங்கத் திருச்சபையின் முறைமைக்கு உட்பட மறுத்த சபையைச் சேர்ந்தவர். அக்கொள்கையின் பொருட்டுச் சிறைவாசமும் அனுபவித்தவர். மைந்தரும் தந்தையின் வழியையே மேற்கொண்டார். அக்காலத்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்னும் சர்வகலாசாலைகள் அத்தகையோர்க்குத் திறந்திருக்கவில்லை. ஆதலின், கூரிய அறிவு படைத்த அவ்விளைஞர் லண்டனுக்கு அணித்தாயிருந்த ஸ்டோக் நியூயிங்டனில், தம் கொள்கையினர் நடத்திய கல்விக்கூடத்திற் பயின்றார். 1702-இல் லண்டன் மாநகரில் ஒரு சபைக்குப் போதகரானார். பின்னர் நோயினால் நலிந்து, 1712-இல் சர் தாமஸ் ஆப்னி என்பாரின் இல்லத்தில் சின்னாள் தங்கி இளைப்பாறச் சென்றவர், 1748-இல் தாம் இறக்குமளவும் ஏறக்குறைய 36 ஆண்டுகள் அக்குடும்பத்தாரின் ஆதரவிலேயே வாழ்ந்தார். உலகப் பேறுகளை நட்டமென எண்ணுவதாகப் பாடியவர், அத்தகைய பேறுகள் சிலவற்றை மெய்யாகவே இழந்தவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அவர் காலத்து ஆங்கிலச் சபைகளிற் பெரும்பான்மையாகப் பாடப்பட்டவை, தாவீதின் சங்கீதங்களைச் செய்யுளாக்கிய பாட்டுக்களே. கிறிஸ்து பெருமானுடைய பாடுகளையும் கிருபையையும் கிறிஸ்தவர்கள் தம் சொந்த வாய்மொழியாற் பாடுதல் வேண்டும் என்பது வாட்ஸின் துணிபு. அத்துணிபின் பயனாய் எழுந்த அவரது பாமாலை நூல் மூன்று பகுதிகளை உடையது. மூன்றாம் பகுதி திருவிருந்துக்கென்றே அமைக்கப்பட்டது. நாம் ஆராய எடுத்துக்கொண்ட பாமாலை அம்மூன்றாம் பகுதியில் உள்ளது. ஆகவே, இது ஆசனத்தில் அமர்ந்து நூலாகப் படிப்பதற்கென எழுந்ததன்று. அப்பமும் பாத்திரமும் முன்னிருக்க, 'உனக்காக' என்னும் சொல் செவியில் ஒலிக்க, அந்நேரத்திற் பாடுவதற்கென எழுந்தது. கலாத்தியர் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்துப் பதினான்காம் வசனத்தையே அவர் இதற்கு ஆதாரமாகக் காட்டியுள்ளார். சிலுவையையன்றி வேறொன்றைக் குறித்தும் மேன்மை பாராட்டேன் எனத் தூய பவுலடிகள் உறுதிகூறும் இடம் அது.

யாப்பும் மிக எளியது. ஒவ்வொரு செய்யுளும் நான்கு அடிகளாலும், ஒவ்வோர் அடியும் எட்டு அசைகளாலும் ஆயது. சொற்களும் பெரும்பாலும் சிறு சொற்களே. கல்லாதாரும் பொருளுணர்ந்து பாடத்தக்கவை. பிற்காலத்தில், 1790-இல், எட்வர்டு மில்லர் என்பார் வெளியிட்ட 'ராக்கிங்காம்' என்னும் மெட்டு இதனோடு நெருங்கப் பொருந்தி, இன்றளவும் பல இடங்களில் வழங்குகின்றது. மெட்டின் மென்மையில் மயங்கி நாம் இதனை ஓர் ஆறுதற் பாட்டு என்று மட்டுங் கொண்டுவிடுதலும் உண்டு. உண்மையில் இஃது உள்ளத்தை நிறுத்தித் துலாக்கோலில் இடும் பாட்டாகும்.

முதற் செய்யுள் 'காண்டல்' என்னும் செயலிலே தொடங்குகின்றது. கவிஞர் பயன்படுத்திய ஆங்கில வினைச்சொல், கண்ணாற் பார்த்தலை மட்டும் உணர்த்துவதன்று. நிலத்தை அளப்பவன் எல்லை முதல் எல்லை வரை நோக்குமாறு, ஒன்றை முற்றுற நோக்கி மதிப்பிடுதலை உணர்த்துவது. அவ்வாறு சிலுவையை நோக்கியவனுக்கு ஒரு கணக்கு தலைகீழாகின்றது. இதுகாறும் இலாபமெனக் கருதியது நட்டமாகின்றது. இதுகாறும் போற்றிய பெருமை இகழ்ச்சிக்கு உரியதாகின்றது. பிலிப்பியர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் பவுலடிகள் தம் குலத்தையும் கல்வியையும் ஆசாரத்தையும் ஒவ்வொன்றாக எண்ணிக்காட்டி, அவையனைத்தையும் கிறிஸ்துவின் பொருட்டு நட்டமென்று தள்ளிய அதே கணக்கு இது. ஒருவன் தன் குற்றங்களுக்காக வெட்குதல் இயல்பு. ஈண்டோ மனிதன் தன் சிறப்புக்களுக்காக வெட்குகின்றான்.

இச்செய்யுளில் அறியத்தக்கதொரு திருத்தம் உண்டு. மகிமையின் அரசகுமாரர் மரித்த சிலுவை என இன்று பாடுகின்றோம். 1707-ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலோ, அவ்வரசகுமாரரை 'இளைய' என்னும் அடைமொழி கொடுத்தே கவிஞர் பாடியிருந்தார். 1709-ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் அவ்வடைமொழியை நீக்கி அடியைத் திருத்தினார். திருத்தம் ஓசைக்கு நன்மை செய்தது எனலாம். ஆயினும், நீங்கிய சொல்லில் ஓர் உண்மை இருந்தது. நம் ஆண்டவர் ஊழியந் தொடங்கியபொழுது ஏறக்குறைய முப்பது வயதினர் எனத் தூய லூக்கா எழுதுகின்றார்; அதன்பின் சில ஆண்டுகளுக்குள் அவர் சிலுவை ஏறினார். முதுமை கனிந்து, வாழ்வின் இன்பங்களைத் துய்த்து அலுத்தபின், எஞ்சிய சில நாட்களை அவர் கொடுத்தாரல்லர். பூத்துக் குலுங்கும் பருவத்து உயிரை முழுமையாகக் கொடுத்தார். இப்பாட்டை வெளியிட்டபோது கவிஞருக்கும் வயது ஏறக்குறைய முப்பத்துமூன்றே. வாழ்நாள் முழுவதும் முன்னே விரிந்து கிடப்பதாக எண்ணும் மாணவராகிய நமக்கு, நீக்கப்பட்ட அச்சொல்லே நெஞ்சில் தைக்கின்றது.

இரண்டாம் செய்யுளில் கவிஞர் ஆண்டவரை விளித்து ஒரு வேண்டுகோள் விடுக்கின்றார். தம் கடவுளாகிய கிறிஸ்துவின் மரணத்திலன்றி வேறெதிலும் தாம் பெருமை கொள்ளாதபடி தடுக்க வேண்டுகின்றார். பின்னர், தம்மை மிகவும் கவர்ந்த வீண்பொருள்களைப் பலியாகக் கொடுப்பதாகக் கூறுகின்றார். ஈண்டு அவர் 'பாவங்கள்' எனக் கூறாது 'கவர்ந்த வீண்பொருள்கள்' எனக் கூறியது கருதத்தக்கது. தீயதென வெளிப்படையாகத் தெரிவதை விடுதல் ஒருவகையில் எளிது. தீமையில்லாததும் இனியதுமாகிய ஒன்று உள்ளத்தின் அரியணையில் ஏறி அமர்ந்திருப்பின் அதனை இறக்குதல் அரிது. தேர்வில் முதன்மை பெறுதலும், பரிசிலும், ஆசிரியர் புகழ்தலும், நாளைய உத்தியோகமும் தம்மளவில் தீயன அல்ல. ஆயினும், உடன் பயில்வான் ஒருவன் தாழ்ந்தால் உள்ளுக்குள் மகிழுமாறு அவை நம்மைச் செய்யுமாயின், அவை நம்மை ஆளத் தொடங்கிவிட்டன என்பது தெளிவு.

மூன்றாம் செய்யுளே இப்பாமாலையின் நெஞ்சம். தலையினின்றும் கைகளினின்றும் கால்களினின்றும் வழிவதைக் காணுமாறு கவிஞர் நம்மை அழைக்கின்றார். தமிழ்ப் புலவரிடத்தே ஒரு மரபுண்டு: தெய்வத்தைப் பாடுவோர் திருவடி தொடங்கித் திருமுடி வரை பாதாதிகேசமாகப் பாடுவர், மக்களைப் பாடுவோர் முடி தொடங்கி அடிவரை கேசாதிபாதமாகப் பாடுவர். வாட்ஸ் நம் மரபை அறிந்தவரல்லர். எனினும், முந்திய செய்யுளிற் கிறிஸ்துவைத் தம் கடவுள் எனக் கூறியவர், இச்செய்யுளில் தலைதொடங்கிக் கால்வரை இறங்கி வருகின்றார். தமிழ் பயின்றவன் இதனைப் படிக்குங்கால், மனிதரைப் பாடும் முறையாற் கடவுள் பாடப்படுகின்றார் என்னும் உணர்ச்சி எழாமற்போகாது. தேவரூபமாயிருந்தவர் தம்மை வெறுமையாக்கி, அடிமையின் கோலமெடுத்து, மரணபரியந்தம் தாழ்ந்தார் எனப் பிலிப்பியர் நிருபம் கூறும் இறக்கத்தை இவ்வருணனையின் இறக்கம் நமக்கு நினைப்பூட்டுகின்றது.

அங்ஙனம் இறங்கி வழிவது யாது? ஈட்டியாற் குத்தப்பட்ட விலாவினின்று இரத்தமும் நீரும் புறப்பட்டன எனத் தூய யோவான் தம் சுவிசேஷத்தில் எழுதுகின்றார். கவிஞரோ வழிவது துயரமும் அன்பும் என்கின்றார். புறக்கண் கண்டது அது; அகக்கண் கண்டது இது. இன்னும் நுணுகி நோக்கின், ஓர் அடியிற் துயரத்தை முன்னும் அன்பைப் பின்னும் வைத்தவர், அடுத்த அடியில் அன்பை முன்னும் துயரத்தைப் பின்னும் வைத்தலைக் காணலாம். சிலுவையைக் காண்பவனுக்கு முதலிற் புலனாவது துயரம். நின்று காண்பவனுக்கு அத்துயரத்திற்குக் காரணமாகிய அன்பு முன்வந்து நிற்கின்றது. அவர் துன்புற்றதனால் நம்மேல் இரங்கினாரல்லர். நம்மேல் அன்புற்றதனாலேயே துன்புற்றார். அவ்வாறே, முதற் செய்யுளில் உலக இலாபத்திற்கு அடையாக வந்த 'செல்வமிக்க' என்னும் பொருளுடைய சொல், மூன்றாம் செய்யுளில் முள்முடிக்கு அடையாக மீண்டும் வருகின்றது. பொன்முடி நட்டமாகவும் முள்முடி செல்வமாகவும் மாறியதை ஒரு சொல்லின் இடமாற்றத்தாலேயே கவிஞர் காட்டிவிட்டார்.

இத்தகைய அன்பும் துயரமும் வேறெங்கேனும் ஒன்றாய்க் கூடியதுண்டோ என்று கவிஞர் வினவுகின்றார். இவ்வினாவைக் கேட்ட தமிழ் மாணவன் நெஞ்சில் ஒரு நினைவு எழுதல் இயல்பு. அன்புடையார் தம் எலும்பையும் பிறர்க்கு உரிமையாக்குவர் எனத் திருவள்ளுவர் அன்புடைமை அதிகாரத்திற் கூறுகின்றார். அதற்கு உரைகண்ட பரிமேலழகர், பருந்துக்கு அஞ்சி வந்தடைந்த புறாவின்பொருட்டுத் துலை புகுந்த மன்னனை எடுத்துக்காட்டாகத் தருகின்றார். அடைக்கலம் புகுந்த சிற்றுயிருக்காகத் தன்னுடம்பை நிறுத்துக் கொடுக்கத் துணிந்த அவ்வரசனது அருள் என்றும் போற்றுதற்குரியது. அவ்வளவு உயர்ந்த அன்பைக் கேட்டுப் பழகிய செவி நமக்கு உண்டாதலின், சிலுவையின் அன்பு எவ்வாறு வேறுபடுகின்றது என்பதனையும் நாம் தெளிவாக உணர்தல் கூடும். புறா அடைக்கலம் வேண்டி வந்தது. சிலுவையண்டையில் நின்றோர் அடைக்கலம் வேண்டி வந்தவரல்லர், ஆணி அறைய வந்தவர். நல்லவனுக்காக ஒருவன் ஒருவேளை உயிர் கொடுக்கத் துணிவான். நாம் பாவிகளும் பகைவருமாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார் என்பதே ரோமர் நிருபத்து ஐந்தாம் அதிகாரத்தின் சாரம். பகைவனுக்காகத் துலை புகுந்த அன்பு இது.

நான்காம் செய்யுளைப் பல பாமாலைத் தொகுப்புகள் விட்டுவிடுகின்றன. ஆண்டவரது குருதி ஆடைபோல் அவர் திருமேனியைப் போர்த்தியதாக அது வருணித்து, அக்காட்சியால் உலகம் தமக்கும் தாம் உலகுக்கும் இறந்துபட்டதாக முடிக்கின்றது. கலாத்தியர் நிருப வசனத்தின் பிற்பகுதி இதன்கண் அடங்கியுள்ளது. இறுதிச் செய்யுளின் முழுக் கையளிப்புக்கு இதுவே வாயிலாகும்.

இறுதிச் செய்யுளில் தொடக்கத்தில் எழுந்த கணக்கு முற்றுப்பெறுகின்றது. இயற்கை உலகம் அனைத்தும் தம் உடைமையாயிருந்து, அதனை முழுதும் கொடுத்தாலும், அக்கொடை மிகச் சிறிதே என்கின்றார் கவிஞர். முன்பு நாம் ஓர் உதவியும் செய்யாதிருக்க ஒருவர் நமக்குச் செய்த உதவிக்கு, மண்ணையும் விண்ணையும் கொடுப்பினும் ஈடாகாது எனச் செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தின் முதற்குறள் கூறுவதும் இக்கருத்தே. நாட்டாலும் காலத்தாலும் மொழியாலும் சேய்மையிலுள்ள இரு புலவர் ஒரே துலாக்கோலை ஏந்தி, ஒரே எடையைக் காண்கின்றனர். முந்திச் செய்த அன்புக்கு உலகம் ஈடன்று.

ஆயின், வாட்ஸ் அவ்விடத்தே நின்றுவிடவில்லை. உலகம் 'என்னுடையதாயின்' என்னும் அவர் சொல்லிலே ஒரு நுட்பம் உளது. உலகம் நம்முடையதன்று, நம்முடையதல்லாததைக் கொடுப்பதாகக் கூறுதல் யாவர்க்கும் எளிது. கோடி பொன் இருப்பின் ஏழைகட்கு ஈவேன் என்பவன், கையிலுள்ள ஒரு காசை இறுகப் பிடித்திருத்தல் கூடும். ஆதலின், கவிஞர் இல்லாத உலகத்தை விட்டு உள்ள பொருளுக்குத் திரும்புகின்றார். அது யாது? தம் ஆன்மா, தம் உயிர், தம் யாவும். வியத்தற்குரிய அத்தெய்விக அன்பு இவற்றைக் கேட்கின்றது எனப் பாட்டை முடிக்கின்றார்.

ஈண்டு ஓர் ஐயம் எழுகின்றது. மெய்யன்பு கைம்மாறு வேண்டாதது அன்றோ? ஒப்புரவறிதல் அதிகாரத்திலே வள்ளுவர் மழையைக் காட்டி, அதற்கு உலகம் யாது கைம்மாறு செய்கின்றது என வினவுகின்றார். மனிதரின் ஒப்புரவே கைம்மாறு கருதாதது எனின், இறைவனது அன்பு கைம்மாறு கேட்குமோ? கேட்குமாயின், அஃது அன்பாகுமோ, வாணிகமாகுமோ?

இவ்வையத்திற்கு விடையும் அம்மழையினிடத்தே உளது. மழை நிலத்தினிடம் விலை கேட்பதில்லை. எனினும், இறுகிக் கிடக்கும் தரிசிலே பெய்த மழை வழிந்தோடிவிடும். உழுது திறந்த நிலமே அதனை ஏற்கும். ஏர்முனைக்குத் தன்னை ஒப்புவித்தல் நிலம் மழைக்குக் கொடுக்கும் விலையன்று. மழையை ஏற்றுக்கொள்ளும் முறையேயாம். அதுபோலவே, நம்மை முழுதும் ஒப்புவித்தல் கிறிஸ்துவின் அன்புக்கு நாம் செலுத்தும் விலையன்று. அவர் தம்மில் ஒரு பகுதியைக் கொடுத்திருந்தால் நம்மில் ஒரு பகுதியால் ஏற்றிருத்தல் கூடும். தம்மையே கொடுத்தவரை நம்மையே கொடுத்தன்றி ஏற்க இயலாது. கடன் கொடுத்தவன் கேட்பது தன் பொருளை. பெற்றால் ஆதாயம் அவனுக்கு. அன்பு கேட்பது நம்மை. கொடுத்தால் ஆதாயம் நமக்கே. கைம்மாறு என்பது வேறு, கையளிப்பு என்பது வேறு. முன்னது கணக்கைத் தீர்த்து உறவை முடிப்பது. பின்னது கணக்கை மறந்து உறவைத் தொடங்குவது.

இன்னும் ஒன்று. மழையால் விளைந்த கதிர் மேகத்துக்குத் திரும்பிச் செல்வதில்லை. பசித்தவன் கலத்துக்குச் செல்கின்றது. அங்ஙனமே நம் கையளிப்பின் பயன் சென்று சேரவேண்டிய இடத்தையும் நம் ஆண்டவர் சொல்லாமல் விட்டாரல்லர். பசித்தவன், ஆடையில்லாதவன், பிணியாளன், சிறைப்பட்டவன் ஆகிய மிகச் சிறியோர்க்குச் செய்தது தமக்கே செய்ததாகும் என்பது அவர் திருவாக்கின் கருத்து.

இப்பாமாலை முழுவதிலும் தன்மை ஒருமையே பயின்று வருதலையும் ஈண்டு உற்றுநோக்குதல் வேண்டும். 'நான்', 'என்' என்பனவே அதன் சொற்கள்; 'நீ உன்னைப் பலியிடு' எனப் பிறனை நோக்கிக் கூறும் சொல் ஒன்றுமில்லை. தியாகத்தை ஒருவன் தன்னிடம் மட்டுமே கேட்டல் கூடும். தன் வசதிக்காக ஏவலாளனைப் பொறுமை கற்கச் சொல்லுதலும், வீட்டிலுள்ள பெண்டிரே யாவற்றையும் விட்டுக்கொடுக்க வேண்டுமென விதித்தலும், அதற்குச் சிலுவையைச் சான்று காட்டுதலும் சிலுவையைப் புரட்டுவதேயாகும். ஆணியறையப்பட்டவர் பிறர் கைகளை நீட்டச் சொன்னாரல்லர். தம் கைகளை நீட்டினார்.

ஆகவே, நண்பர்காள், இப்பாமாலையைப் பாடுதல் சிறு செயலன்று. 'என் யாவும்' என்னும் சொல்லை நாவினாற் சொல்லி முடிக்கச் சில நொடிகளே செல்லும். வாழ்வினாற் சொல்லி முடிக்க வாழ்நாள் முழுதும் வேண்டும். எனினும், அதனைத் தொடங்குதற்கு ஒரு பெருநாளை எதிர்நோக்கியிருத்தல் வேண்டா. பின்தங்கிய தோழனுக்கு ஒரு மாலைப்பொழுதைக் கொடுத்தல், காய்ச்சலுற்ற விடுதி நண்பன் அருகே விழித்திருத்தல், எழுத்தறியாத பணியாளர்க்கு எழுத்தறிவித்தல், நம்மை இகழ்ந்தவனுக்கு முந்திக் கை நீட்டுதல் ஆகிய இவையெல்லாம் அச்சொல்லின் முதலெழுத்துக்கள். இவை சிலுவையின் அன்புக்கு ஈடாகா. ஈடாக வேண்டுமென்று அவ்வன்பு கேட்கவுமில்லை. ஏர் புகுந்த நிலம்போல நம்மைத் திறந்து வைப்போமாக. மழை முன்னமே பெய்திருக்கின்றது.